அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதா?

இருளர், நரிக்குறவர் வீட்டு மழலைகளின் முதல் ஐந்து வருடங்கள்... அதில் உங்கள் பங்கும் இருக்கிறது!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஏதாவது ஒரு ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, "இருளர் வீட்டுப் பிள்ளைங்க ஏன் பாதியிலேயே நின்னுடறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்.

"அதுங்களுக்குப் படிப்பு ஏறாதுங்க. நாலு நாள் வரும், அஞ்சாம் நாள் அப்பன் ஆத்தாளோட சூளைக்குப் போயிடும். பரம்பரையே அப்படி!"

இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மில் பலர் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சுதான். ஆனால் மருத்துவம் படித்தவர்கள், குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். படிப்பு ஏறுவதும் ஏறாததும் ஆறு வயசில், ஒன்றாம் வகுப்பில் தீர்மானமாகும் சமாசாரமில்லை. அம்மாவின் வயிற்றில் ஆரம்பித்து, ஐந்து வயசுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடுகிற வேலை அது. அந்த ஐந்து வருடத்தில் குழந்தைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யார் இவர்கள்?

தமிழ்நாட்டில் 'மிகவும் நலிந்த பழங்குடிகள்' என்று அரசு அடையாளம் கண்டிருக்கும் 6 சமூகங்களில் இருளரும் ஒருவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஒரு லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். மலையில் இருப்பவர்களைவிடச் சமவெளியில் நம் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பகுதியில் 'வில்லியர்' என்றும் சொல்வார்கள். ஏரிக்கரையிலோ, ஊருக்கு வெளியே புறம்போக்கிலோ பத்துப் பதினைந்து குடிசைகள். செங்கல் சூளை, சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, கரிமூட்டம், அரிசி ஆலை என்று எங்கே வேலையோ அங்கே போவார்கள்.

ஊசி, பாசிமணி விற்றபடி பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் நாம் பார்க்கும் நரிக்குறவர்கள் வேறு சமூகம். இவர்கள் வீட்டில் பேசுவது தமிழே இல்லை. 'வாக்ரிபோலி' என்ற மொழி. குஜராத்தி, ராஜஸ்தானி வகையைச் சேர்ந்தது, எழுத்து கிடையாது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருடங்கள் கேட்டார்கள். அதற்கான சட்டத் திருத்தத்தை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

'அறிவு மட்டு' என்று நாம் முத்திரை குத்தும் இருளர்களின் அறிவு எப்படிப்பட்டது தெரியுமா? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிப்போய், அந்த ஊர் நிபுணர்கள் திணறினார்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருவதும் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். தடம் பார்த்து, மண்ணைப் பார்த்துப் பாம்பு போன திசை சொல்கிற மூளைக்கு அ, ஆ, இ, ஈ ஏறாதா என்ன?

மூளைக்கும் விதைப்புக் காலம் உண்டு

பிறந்த குழந்தையின் மூளை பெரியவர்கள் மூளையில் சுமார் கால்பங்கு. ஐந்து வயசு முடிவதற்குள் கிட்டத்தட்ட 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. முதல் சில வருடங்களில் மூளை நரம்புகளுக்கு இடையே ஒவ்வொரு வினாடியும் பத்து லட்சத்துக்கு மேல் புதிய இணைப்புகள் உண்டாகின்றன என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் கணக்குச் சொல்கிறது. எந்த இணைப்பு அதிகம் பயன்படுகிறதோ அது உறுதியாகும். பயன்படாதது உதிர்ந்துபோகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோமே, அது மாதிரிதான். பட்டம் தவறினால் பயிர் வராது என்றில்லை. பாடு அதிகம், பலன் குறைவு.

இந்த விதைப்புக்கு ஐந்து விஷயங்கள் வேண்டும். வயிறு நிறைய சத்தான உணவு. நோயில்லாத உடம்பு. கூடவே இருந்து பேசும், கொஞ்சும் ஒரு பெரியவர். விளையாட்டு. அடுத்தது பயமில்லாத இடம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு வழிகாட்டியும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

'சோறு போட்டால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது! இதற்கு ஜமைக்கா நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி நல்ல உதாரணம். 1980-களில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் 9 மாசத்திலிருந்து 2 வயசுக்குள். சிலருக்குச் சத்துப்பால் மட்டும் கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பெண் ஊழியர் போய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, வீட்டுச் சாமான்களை வைத்து எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இது இரண்டே வருடம்தான் நடந்தது.

இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தார்கள். விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்! இந்த முடிவு 2014-ல் வெளியானது. சத்துப்பால் மட்டும் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பெரிய பள்ளிக்கூடமோ, விலை உயர்ந்த பொம்மையோ தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

சூளையில் என்ன நடக்கிறது?

இப்போது ஒரு செங்கல் சூளைக்கு வருவோம். நம்ம பக்கத்தில் 'சேம்பர்' என்பார்கள்.

பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது; கழித்தாக வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க, விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே எழுந்து மண் மிதிப்பார்கள். அம்மாவும் கூடவே கல் அறுக்கப் போக வேண்டும். கைக்குழந்தை சேலைத் தூளியில். அதைப் பார்த்துக்கொள்வது யார்? ஆறு, ஏழு வயசு அக்கா!

இங்கே அந்த ஐந்து விஷயங்களும் எப்படிக் கை நழுவுகின்றன என்று பாருங்கள். தாய்ப்பால் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆறு மாசத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய குழைந்த பருப்புச் சோறு, முட்டை, கீரை இவற்றுக்குப் பதில் காலையில் ஆக்கிய சோறே மாலை வரைக்கும். ஊரில் போட வேண்டிய தடுப்பூசி தேதி தாண்டிவிடுகிறது. செங்கல் தூசியிலும் புகையிலும் சளி, இருமல் விடுவதில்லை. குடிக்கிற தண்ணீர் சரியில்லாமல் வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு தடவை வயிற்றுப்போக்கு வரும்போதும் சாப்பிட்ட சத்து கரைகிறது. பேச ஆளில்லை, அக்காவுக்கே அம்மாவின் மடி தேவைப்படும் வயசு.

அந்த அக்காவையும் மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் 'நீண்ட நாள் வராதவள்' என்று பதிவாகிறாள். நிஜத்தில் அவள் ஒரு குடும்பத்தையே தாங்குகிறாள்.

ஆடி மாச வாக்கில் ஊர் திரும்பும்போது குழந்தைக்கு எடை ஏறியிருக்காது. இரண்டு வயசில் இப்படி ஆறு மாசம் என்பது, அதன் ஆயுளில் கால்வாசி! 'அப்பன் ஆத்தாளோட சூளைக்குப் போயிடும்' என்று நாம் லேசாகச் சொல்கிறோமே, அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

முன்பணத்தைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று தெரியவந்தால் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம்.

'மந்தம்' என்ற முத்திரை

சூளையிலிருந்து திரும்பிய குழந்தையை மூன்று வயசில் அங்கன்வாடிக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் கேட்டால் பதில் சொல்லாது. மூலையில் உட்கார்ந்திருக்கும். நரிக்குறவர் வீட்டுக் குழந்தையாக இருந்தால் டீச்சர் பேசும் தமிழே பாதி புரியாது. வீட்டில் அது வாக்ரிபோலியில் வாயாடியாக இருக்கும், இங்கே ஊமை! 'கொஞ்சம் மந்தம்' என்று ஒரு வார்த்தை விழுந்துவிடும். அந்த வார்த்தை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பாவில் 'ரோமா' என்ற மக்கள் ஒரு கோடி பேருக்கு மேல் இருக்கிறார்கள். 'ஜிப்ஸி' என்று சொல்வார்களே, அவர்கள்தான். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்றும் அவர்கள் மொழியில் தண்ணீருக்குப் 'பானி'தான்! ஊர் ஒதுக்குப்புறத்தில் குடியிருப்பு, திருட்டுப் பட்டம், பள்ளியில் தனி பெஞ்சு... எல்லாம் நமக்குப் பழகிய கதையே.

செக் நாட்டில் ஆஸ்ட்ராவா என்ற நகரத்தில் ரோமா குழந்தைகளை அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனிப் பள்ளிகளில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்கள் வீட்டு மொழியும் பழக்கமும் தெரியாதவர்கள் தயாரித்த பரீட்சையில் அவர்கள் தேறவில்லை என்பதுதான் காரணம். மற்ற குழந்தைகளைவிட ரோமா குழந்தை அங்கே தள்ளப்பட 27 மடங்கு வாய்ப்பு என்று வழக்கில் கணக்குக் காட்டினார்கள். 18 குழந்தைகளின் சார்பில் நடந்த அந்த வழக்கில், 2007 நவம்பர் 13-ந் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 'இது பாகுபாடு' என்று தீர்ப்புச் சொன்னது. குழந்தையிடம் குறையில்லை, அளந்த கோலில்தான் கோணல் என்று ஒரு கண்டத்துக்கே புரியவைத்த தீர்ப்பு அது.

அதன்பிறகு 2010 முதல் 2012 வரை ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா, மாசிடோனியா ஆகிய 4 நாடுகளில் 'நல்ல தொடக்கம்' என்ற திட்டத்தை ரோமா கல்வி நிதியம் நடத்தியது. ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளை மழலைப் பள்ளிக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். இதற்கு ரோமா சமூகத்துப் பெண்களையே வேலைக்கு அமர்த்தினார்கள். அம்மாக்களைக் கூட்டி உட்காரவைத்துக் கதை படிக்கப் பழக்கினார்கள். 'நம்ம ஆளு ஒருத்தி உள்ளே இருக்கா' என்ற தைரியம் வந்தால்தான் ஒரு தாய் தன் பிள்ளையின் விரலை விடுவாள். இது ஹங்கேரிக்கும் பொருந்தும், மயிலம், மரக்காணத்துக்கும் பொருந்தும்.

அங்கன்வாடியில் என்ன உரிமை?

1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இன்றைய அங்கன்வாடி. நாம் பழக்கத்தில் 'பால்வாடி' என்கிறோம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு, ஆறு மாசம் தாண்டிய குழந்தைக்குச் சத்துமாவு, இரண்டு வயசு தாண்டினால் மதியச் சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, ஆட்டம் பாட்டம், கதை... எல்லாம் இலவசம்.

இதில் சேர ஜாதிச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஊர் மாறி வந்த குழந்தையையும் பக்கத்து மையத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சூளைக்கு வந்த குடும்பத்துக்கு இது தெரிவதில்லை. 'அது எங்க ஊரு பால்வாடி இல்லையே' என்று இருந்துவிடுகிறார்கள்.

மையமே இல்லாத குடியிருப்பாக இருந்தால்? 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஆறு வயசுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட 3 மாசத்துக்குள் திறந்தாக வேண்டும். நலிந்த பழங்குடிகளுக்காக 2023 நவம்பர் 15-ல் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். ஜன்மன்' திட்டத்திலும் அங்கன்வாடி அமைப்பது ஒரு பகுதி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இதைச் சுட்டிக்காட்டி மனு கொடுக்கலாம்.

ஆறு வயசானால் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின்படி, வயசுக்குச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. நடுவில் நின்றுபோன பிள்ளையை அதன் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்.

ஆனாலும் சான்றிதழ்கள் முக்கியம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. வருடம் தாண்டினால் அலைச்சல். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழைத்தான் ஆதாரமாகக் கேட்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் விசாரித்துத் தருவது. விண்ணப்பம் அங்கே தேங்கும்போது பிள்ளையின் உதவித்தொகையும் ஹாஸ்டல் இடமும் கூடவே தேங்கிவிடுகின்றன.

பக்கத்து இடம் யாருக்கு?

சட்டம், திட்டம் எல்லாம் சரி. ஆனால் ஒரு அங்கன்வாடியைக் காலியாக்க ஒரே ஒரு வார்த்தை போதும். "அது பக்கத்துல உக்காராதே!"

இதைச் சொல்வது அரசாங்கம் இல்லை. உங்களையும் என்னையும் போன்ற ஒரு அம்மா.

மூன்று, நான்கு வயசுக் குழந்தைக்கு அவமானம் புரியாது என்று நினைக்காதீர்கள். முகச்சுளிப்பு ஆறு மாசக் குழந்தைக்கே தெரியும். தினமும் ஒதுக்கப்படும் குழந்தையின் உடம்பில் பய ஹார்மோன்கள் ஏறியபடியே இருக்கும். தூக்கம் கெடும், பசி மந்தமாகும், கவனம் நிற்காது. கவனம் நிற்காத பிள்ளையை நாம் 'படிப்பு ஏறாதவன்' என்கிறோம். நாமே குழி பறித்து, விழுந்தவனைக் கால் சரியில்லை என்கிற கதை!

பெரியவர்களுக்கு நடப்பதையும் அந்தப் பிஞ்சுகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. 2021-ல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் எழுப்பி விடப்பட்ட செய்தி நாடு முழுக்கப் பரவியது. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், டிக்கெட் கையில் வைத்திருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை முதலில் உள்ளே விடவில்லை. பிள்ளைகள் கூடவே நின்றிருந்தார்கள். டிக்கெட் வாங்கினாலும் தனக்கு இடமில்லை என்று ஒரு பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொண்டால், பள்ளிக்கூடப் படியேற அதற்கு எப்படித் தைரியம் வரும்?

நம்பிக்கை தரும் திண்டிவனம்

எல்லாம் இருட்டு என்று சொல்லிவிட முடியாது. 1990-களில் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பொய் வழக்கு, கொத்தடிமை முறை, சான்றிதழ் இழுத்தடிப்பு என்று ஒவ்வொன்றாக எதிர்த்துப் போராடி வருகிறது. 'ஐயா கல்யாணி' என்றால் இங்கே தெரியாதவர்கள் குறைவு. திண்டிவனம் தாய்த்தமிழ்ப் பள்ளியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. வீட்டு மொழியில் ஆரம்பித்தால்தான் மழலைக்கு மனசு திறக்கும் என்பது அந்தப் பள்ளியின் அடிப்படை.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இடைவெளியை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். பிள்ளை வராவிட்டால் கல்வி போகட்டும் என்ற எண்ணத்தை அது ஊர் ஊராக விதைத்தது. 2022 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியும் முன் வேலைக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

* கவனிக்க வேண்டிய வளர்ச்சிப் படிகள் *

(எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும், உங்கள் வீட்டுக் குழந்தைக்கும்தான்!)

* 2 மாசம்: முகம் பார்த்துச் சிரிக்கும்.
* 4 மாசம்: தலை நிற்கும்.
* 9 மாசம்: பிடிக்காமல் உட்காரும், பெயர் சொன்னால் திரும்பும்.
* 1 வயசு: 'அம்மா', 'தாத்தா' என்று ஒன்றிரண்டு சொல்.
* 1½ வயசு: தானாக நடக்கும்.
* 2 வயசு: 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசும். எந்த மொழியில் பேசினாலும் சரி!
* 6 மாசம் முதல் 5 வயசு வரை: இடது மேல் கையின் நடுச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சத்துக் குறைவு. 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் ஆபத்து. உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும்.

ஒரு படி தாமதமானால் பதற வேண்டாம். ஆனால் 'தானா சரியாயிடும்' என்று விட்டுவிடவும் வேண்டாம். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம்.

உங்கள் சந்தேகங்கள்

'பக்கத்தில் உட்கார்ந்தால் பேன், சொறி ஒட்டிக்கொள்ளாதா?'

ஒட்டும். கான்வென்ட் பிள்ளைகளிடமும் ஒட்டும்! பேனுக்கும் சிரங்குக்கும் ஜாதி தெரியாது. விரல் இடுக்கில் கொப்புளம், ராத்திரியில் அதிக அரிப்பு என்றால் சிரங்கு. டாக்டர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால் வரை தடவ வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டும் எப்படிப் போடுவது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மறுநாளே குழந்தை பள்ளிக்கு வரலாம். தீர்வு களிம்பில் இருக்கிறது, தனி பெஞ்சில் இல்லை.

'அவங்களே பிள்ளையை அனுப்ப மாட்டேங்கறாங்களே?'

தூரம் எவ்வளவு, நடுவில் ரோடு இருக்கிறதா, ஆயா எப்படிப் பேசுகிறார், போன தடவை என்ன நடந்தது... இதைக் கேட்டால் காரணம் தெரியும். அவமானப்பட்ட இடத்துக்கு நாமாக இருந்தால் மறுபடி போவோமா?

'என் பிள்ளை இதனால் பின்தங்கிவிடுமே?'

கதை சொல்லி, பாட்டுப் பாடி, விளையாடிக் கற்கும் வயசு இது. பக்கத்தில் இருப்பவரால் கெட்டுப்போகாது. அடுத்தவன் மொழியில் நாலு வார்த்தை, அடுத்தவன் கஷ்டத்தில் கொஞ்சம் இரக்கம் என்று கூடுதலாகக் கிடைக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* முதலில் 'அதுங்க' என்ற வார்த்தையை விடுங்கள். 'அவங்க' என்று சொல்லிப் பழகுங்கள். வயசில் மூத்த இருளர் பெண்மணியை 'வா, போ' என்று கூப்பிடாதீர்கள். 'வாங்கம்மா' என்றால் நாக்கு தேயாது. அவர் இடுப்பில் இருக்கும் குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

* உங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்கு அங்கன்வாடியில் மிட்டாய் கொடுக்கும்போது கடைசியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதே கையால், அதே சிரிப்போடு கொடுக்கச் சொல்லுங்கள்.

* உங்கள் ஊர்ச் சூளைக்குப் புதுக் குடும்பம் வந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன ஊசியை எங்கும் போட்டுக்கொள்ளலாம்.

* நீங்களே சூளை, ஆலை நடத்துபவரா? நிழலான ஓர் இடம், சுத்தமான தண்ணீர், பாலூட்ட இடைவேளை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. செலவு அதிகமில்லை.

* டீச்சராக இருந்தால், குழந்தையின் வீட்டு மொழியில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். 'வா', 'சாப்பிடு', 'பயப்படாதே', 'ரொம்ப நல்லா இருக்கு'. அதற்கே அந்தக் குழந்தை வாய் திறக்கும்.

* குழந்தைக்கு ஆபத்து, கொடுமை, பள்ளி போகும் வயசில் வேலை என்று தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

பரம்பரையில் வருவது படிப்பு ஏறாமை இல்லை, வாய்ப்புக் கிடைக்காமை. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, தாத்தாவுக்கும் கிடைக்கவில்லை. இன்று தூளியில் தூங்கும் குழந்தைக்கும் கிடைக்காமல் போனால், அது முழுக்க முழுக்க நம் கணக்கில்தான் எழுதப்படும். ஐந்து வருடம் சீக்கிரம் ஓடிவிடும். அடுத்த தடவை அங்கன்வாடி வாசலில் உங்கள் பிள்ளையை விடும்போது, "எல்லாரோடயும் சேர்ந்து உக்காருடா கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்!